பந்தைத் தின்கிறவர் அணிக்குப் பலமா, பாரமா?

இலங்கை அணி தோற்ற மறுநாள் காலையில் திருகோணமலை அநுராதபுரச் சந்திப் பக்கம் ஏதாவது ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்றால் போதும், இந்தப் பேச்சு எப்படியும் காதில் விழும்.

“என்ன அண்ணை, அவன் ஒருத்தன்தானே நின்று ஐம்பது அடிச்சவன்?”

“அடிச்சவன்தான். அதுக்கு எத்தனை பந்தைத் திண்டவன்?”

தேத்தண்ணி ஆறிப்போகும் வரை வாதாடுவார்கள், முடிவு வராது. ஒருவர் ஓட்டத்தை எண்ணுகிறார், மற்றவர் பந்தை எண்ணுகிறார். மூன்றாவதாக எண்ண வேண்டியது விக்கெட். அதை இரண்டு பேருமே மறந்துவிடுகிறார்கள். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் மெதுவாக ஆடியவர் அணியைத் தூக்கினாரா, அமுக்கினாரா என்று சொல்லலாம். கணக்கு பெரிய கணக்கல்ல. பெருக்கலும் வகுத்தலும்தான்.

## முதலில் சில சொற்கள்

1. ஸ்ட்ரைக் ரேட். ஒருவர் 100 பந்தைச் சந்தித்தால் எத்தனை ஓட்டம் எடுப்பார் என்ற அளவு. 50 பந்தில் 40 ஓட்டம் என்றால் 80.

2. சராசரி. ஒரு தடவை ஆட்டமிழப்பதற்குள் ஒருவர் எடுக்கும் ஓட்டம். எடுத்த மொத்த ஓட்டத்தை ஆட்டமிழந்த தடவைகளால் வகுத்தால் வரும்.

3. தேவைப்படும் வேகம். துரத்தும் அணி மிச்ச ஓவர்களில் ஓவருக்கு எத்தனை ஓட்டம் எடுத்தாக வேண்டும் என்பது.

4. டொட் பந்து. ஓட்டம் வராத பந்து. ஓட்டப் புத்தகத்தில் பந்துவீச்சாளரின் கட்டத்துக்குள் அதற்கு ஒரு புள்ளி வைப்பார்கள். ஆறும் புள்ளியாகிவிட்டால் மேலே மூன்று, கீழே மூன்று என்று இருக்கும் புள்ளிகளைக் கோட்டால் இணைத்து ‘எம்’ எழுத்து போல வரைந்துவிடுவார்கள். அதுதான் மெய்டன் ஓவர். மைதானத்தில் புத்தகம் எழுதும் பொடியனுக்குப் பிடித்த வேலை அது.

நிதானமாக ஆடுவது என்று பொதுவாகச் சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களைக் கலந்துவிடுகிறோம். ஆபத்தான அடியைத் தவிர்த்து, கிடைக்கிற இடத்தில் ஒன்று, இரண்டு என்று ஓடுவது ஒன்று. வருகிற பந்துக்கெல்லாம் கட்டை போட்டுக்கொண்டு நிற்பது இன்னொன்று. இந்த வேறுபாடு கீழே திரும்பத் திரும்ப வரும்.

## அணியின் கையில் இருக்கும் இரண்டு சரக்கு

மழை வந்து ஆட்டம் தடைப்பட்டால் இலக்கை மாற்றிக் கணிக்கிற முறை ஒன்று இருக்கிறதே, டக்வர்த் லூயிஸ். இங்கிலாந்துப் புள்ளியியலாளர்களான பிராங்க் டக்வர்த்தும் டோனி லூயிஸும் உருவாக்கியது. 1997 தொடக்கத்தில் சிம்பாப்வே, இங்கிலாந்து அணிகளின் ஒருநாள் ஆட்டத்தில் முதன்முதலாகப் பயன்பட்டது. அந்த முறையைத் திட்டாத ரசிகர் குறைவு. ஆனால் அதன் அடித்தளம் மிக எளிது. ஓட்டம் எடுப்பதற்கு ஒரு அணியின் கையில் இருப்பது இரண்டே சரக்கு: மிச்சமிருக்கும் ஓவர், மிச்சமிருக்கும் விக்கெட். இரண்டில் எது தீர்ந்தாலும் இன்னிங்ஸ் முடிந்தது.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, இந்த ஆட்டத்தில் முதலில் தீரப்போவது பந்தா, விக்கெட்டா என்பதே. முதலில் தீரப்போகிற பொருளைத்தான் சிக்கனமாகப் பிடிக்க வேண்டும். மற்றதைச் செலவழிக்கலாம். செலவழிக்கத்தான் வேண்டும், ஆட்டம் முடிந்த பிறகு கையில் மிஞ்சிய விக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து விழுகிறது என்று வகுத்துப் பாருங்கள்.

1. ஒருநாள் ஆட்டம்: 300 பந்து, 10 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 30 பந்து.

2. ரி20: 120 பந்து, 10 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 12 பந்து.

3. நம்மூர் 10 ஓவர் மென்பந்து ஆட்டம்: 60 பந்து, அதே 10 விக்கெட். ஒரு விக்கெட்டுக்கு 6 பந்து.

4. டெஸ்ட்: பந்துக்கு எல்லை கிடையாது. ஐந்து நாள் என்ற எல்லை மட்டும்தான். ஒரு நாளைக்கு 90 ஓவர், அதாவது 540 பந்து. ஒரு நாள் முழுக்க ஆட்டமிழக்காமல் தாக்குப்பிடிக்க நினைக்கும் அணிக்கு ஒரு விக்கெட் 54 பந்துக்கு நிற்க வேண்டும்.

ஆறு பந்துக்கு ஒரு விக்கெட்டை விடலாம் என்கிற ஆட்டத்தில் முதல் ஓவரை மெய்டனாக விட்டு வருகிறவரை யாரும் ‘நல்லாத் தாங்கினான்’ என்று சொல்லக் கூடாது.

## இரண்டு பேர், நான்கு ஆட்டம்

இதைக் கண்முன் காட்ட இரண்டு கற்பனை ஆட்டக்காரர்களை எடுத்துக்கொள்வோம். அவசரக்காரர் என்பவரின் ஸ்ட்ரைக் ரேட் 140, ஆனால் 15 பந்துக்கு ஒருமுறை ஆட்டமிழந்துவிடுவார். ஒரு இன்னிங்ஸுக்கு 21 ஓட்டம். நிதானக்காரரின் ஸ்ட்ரைக் ரேட் 90, ஆனால் 45 பந்து நிற்பார். ஒரு இன்னிங்ஸுக்கு 40 அல்லது 41. சராசரியைப் பார்த்தால் நிதானக்காரர் இரண்டு மடங்கு நல்லவர். பெரும்பாலானவர்கள் இவரைத்தான் அணியில் எடுப்பார்கள்.

இப்போது ஒரு அணி முழுக்க அவசரக்காரர்கள், இன்னொரு அணி முழுக்க நிதானக்காரர்கள் என்று வைத்துப் போட்டுப் பார்த்தால்:

1. டெஸ்டில் அவசர அணி 25 ஓவரில் 210க்குச் சுருண்டுவிடும். நிதான அணி 75 ஓவர் நின்று 405 எடுக்கும். போட்டியே இல்லை.

2. ஒருநாள் ஆட்டத்தில் அவசர அணிக்கு அதே 210தான், பாதி ஓவர் வீணாகும். நிதான அணி 50 ஓவரும் ஆடி 270 எடுக்கும். ஆறு ஏழு விக்கெட் போயிருக்கும். இங்கேயும் நிதானமே வெல்லும்.

3. ரி20இல் கதை தலைகீழ். அவசர அணி 120 பந்தில் 168 எடுக்கும், 8 விக்கெட் போகும். நிதான அணி 108 எடுத்துவிட்டு 7 விக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கும்.

4. 10 ஓவரில் 84க்கு எதிராக 54. சொல்லவே வேண்டாம்.

ஆட்டக்காரர் மாறவில்லை, திறமை மாறவில்லை. பந்தின் எண்ணிக்கை மட்டும்தான் மாறியது. நீண்ட ஆட்டத்தில் சராசரி பேசும், குறுகிய ஆட்டத்தில் ஸ்ட்ரைக் ரேட் பேசும், ஒருநாள் ஆட்டம் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். கடைச் சண்டைகள் பெரும்பாலும் ஒருநாள் ஆட்டத்தைப் பற்றியே வருவது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

உண்மையான அணியில் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கமாட்டார்கள், ஆடுகளமும் தினம் ஒரு மாதிரி இருக்காது. ஆனாலும் இந்தக் கணக்கின் திசை மாறாது.

## லோர்ட்ஸ் 1975: மிஞ்சிப்போன ஏழு விக்கெட்

மெதுவான ஆட்டத்துக்கு உலகமே சுட்டிக்காட்டும் உதாரணம் முதலாவது உலகக் கிண்ணத்தின் முதல் நாளில் நடந்தது. 1975 ஜூன் 7, லோர்ட்ஸ். அப்போது ஒருநாள் ஆட்டம் 60 ஓவர். இங்கிலாந்து 4 விக்கெட்டுக்கு 334. பதிலுக்கு இந்தியா 60 ஓவரும் ஆடி 3 விக்கெட்டுக்கு 132. தொடக்க வீரர் சுனில் கவாஸ்கர் கடைசி வரை ஆட்டமிழக்கவில்லை. 174 பந்தில் 36 ஓட்டம்.

இதில் 36 என்ற எண்ணை விட்டுவிடுங்கள். அணிக்குக் கிடைத்த 360 பந்தில் 174ஐ ஒருவர் எடுத்துக்கொண்டார். கிட்டத்தட்ட பாதி. ஏழு விக்கெட் தொடப்படாமல் கிடந்தது. ஆட வராமலே இருந்த ஆறு பேரும் வந்து ஆளுக்குப் பத்து ஓட்டம் வீசி அடித்துவிட்டு ஆட்டமிழந்திருந்தாலும் இந்தியா தோற்றுத்தான் இருக்கும், ஆனால் 202 ஓட்டத்தால் அல்ல. கவாஸ்கர் அந்தக் காலத்தின் தலைசிறந்த டெஸ்ட் தொடக்க வீரர்களில் ஒருவர் என்பதில் சந்தேகம் இல்லை. டெஸ்ட் கணக்கை ஒருநாள் ஆட்டத்துக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிட நல்ல ஆளும் கிடைக்காது.

## நிதானத்தால் வென்ற இறுதிப் போட்டிகள்

1996 உலகக் கிண்ணம் என்றதும் நம் ஆட்களுக்கு ஞாபகம் வருவது சனத் ஜயசூரியவும் களுவிதாரணவும் முதல் 15 ஓவரைப் பிய்த்து மேய்ந்தது. லாகூரில் நடந்த இறுதிப் போட்டியில் என்ன நடந்தது? ஜயசூரிய 9, களுவிதாரண 6. இலங்கை 2 விக்கெட்டுக்கு 23. அவுஸ்திரேலியா எடுத்திருந்தது 241, ஆகவே தேவை 242. ஓவருக்கு ஐந்துக்கும் குறைவு.

அந்த இடத்தில் வந்து நின்றவர்கள் அசங்க குருசிங்கவும் அரவிந்த டி சில்வாவும். குருசிங்க 99 பந்தில் 65. ஓவருக்கு நான்கு கூட இல்லை, தேவைப்படும் வேகத்தைவிடக் குறைவு. அரவிந்த 124 பந்தில் ஆட்டமிழக்காமல் 107. பிறகு வந்த ரணதுங்க 37 பந்தில் 47. இலங்கை 22 பந்து மிச்சம் வைத்து வென்றது.

குருசிங்க பந்தைத் தின்றார் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ஏன்? இரண்டு விக்கெட் போன நிலையில் முதலில் தீரக்கூடியது விக்கெட். இலக்கோ சின்னது. மறுமுனையில் அரவிந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொள்கிறார். அடுத்து ரணதுங்க இருக்கிறார். கொஞ்சம் பின்தங்கினாலும் பிடித்துவிடலாம்.

2011 உலகக் கிண்ண இறுதி, மும்பை. நமக்குக் கசப்பான கணக்கு. மஹேல ஜயவர்தன 88 பந்தில் ஆட்டமிழக்காமல் 103, பார்க்கப் பார்க்கத் திகட்டாத ஆட்டம். இலங்கை 274. மாலிங்க வந்து சேவாக்கையும் டெண்டுல்கரையும் அனுப்பினார், இந்தியா 2 விக்கெட்டுக்கு 31. அப்புறம் கௌதம் கம்பீர் 122 பந்தில் 97. ஸ்ட்ரைக் ரேட் 80கூட இல்லை, மஹேலவோடு ஒப்பிட்டால் ஆமை. ஆனால் கிண்ணம் அந்தப் பக்கம் போனது. தோனி 79 பந்தில் 91 அடித்து முடித்துவைத்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் முடிக்கும்படி ஆட்டத்தை விட்டுவைத்தவர் கம்பீர்.

இரண்டு ஆட்டத்திலும் மெதுவாக ஆடியவர்கள் கட்டை போட்டுக்கொண்டு நிற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றைய விதியில் ஒருநாள் ஆட்டத்தின் முதல் 10 ஓவரில் ஆடுகளத்தைச் சுற்றிப் போட்ட உள்வட்டத்துக்கு வெளியே களத்தடுப்பாளர் இரண்டு பேர்தான் நிற்கலாம். 11ஆம் ஓவரிலிருந்து 40 வரை நான்கு பேர். களம் விரிந்தவுடன் நாலு ஓட்டம் அடிப்பது கடினம், ஒன்று எடுப்பது சுலபம். ஓவருக்கு நாலைந்து தடவை தட்டிவிட்டு ஓடுகிறவர் ஆபத்து எதுவும் எடுக்காமலே ஓவருக்கு ஐந்தை நெருங்கிவிடுவார்.

## மறுமுனையில் நிற்கிறவர் கட்டும் வட்டி

ஒருவர் மெதுவாக ஆடும்போது வரும் நட்டம் அவருடைய பெயருக்கு எதிரே எழுதப்படுவதில்லை. அது பக்கத்தில் நிற்கிறவர் பெயரில் விழும். ஒரு பந்து வீணானால் தேவைப்படும் வேகம் கூடும். கூடிய வேகத்தைப் பிடிக்க மறுமுனைக்காரர் அடிக்கக் கூடாத பந்தை அடித்து எல்லைக்கோட்டில் பிடி கொடுப்பார். புத்தகத்தில் ‘அவசரப்பட்டு ஆட்டமிழந்தார்’ என்று அவர் கதை முடியும். அவசரத்தை உண்டாக்கியவர் 55 ஓட்டத்தோடு மட்டையைத் தூக்கிக்காட்டியிருப்பார்.

2014 ரி20 உலகக் கிண்ண இறுதிப் போட்டி, டாக்கா. விராட் கோலி 58 பந்தில் 77. அதே ஆட்டத்தில் யுவராஜ் சிங் 21 பந்தில் 11. இந்தியா கடைசி 4 ஓவரில் எடுத்தது 19 ஓட்டம் மட்டுமே, மொத்தம் 4 விக்கெட்டுக்கு 130. மாலிங்கவும் குலசேகரவும் வெளியே தள்ளித் தள்ளி, காலடியில் குத்தும் யோர்க்கர் பந்து போட்டது ஒரு காரணம், அதை மறைக்கக் கூடாது. ஆனால் நன்றாக அடித்துக்கொண்டிருந்த ஆள் மறுமுனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் உண்மை. ஆறு விக்கெட் கையில் மிச்சம். சங்கக்கார 35 பந்தில் 52 அடித்து, 13 பந்து மிச்சம் இருக்க ஆட்டத்தை முடித்தார்.

2022 ஆசியக் கிண்ண ரி20 இறுதியில் இதே பாடம் இரண்டு பக்கமும் தெரிந்தது. இலங்கை 5 விக்கெட்டுக்கு 58. பழைய கணக்குப்படி இனிக் கட்டை போட்டு 120ஐத் தொட வேண்டிய நிலை. பானுக ராஜபக்ஷவும் ஹசரங்கவும் அப்படி யோசிக்கவில்லை. ஹசரங்க 21 பந்தில் 36, பானுக 45 பந்தில் 71, மொத்தம் 170. மிச்சமிருந்த ஐந்து விக்கெட்டுக்கு மிச்சமிருந்த 11 ஓவர் அதிகமில்லை என்று கணித்தார்கள். பாகிஸ்தான் துரத்தியபோது முகமது ரிஸ்வான் 49 பந்தில் 55, இப்திகார் அகமது 31 பந்தில் 32. இருவரும் சேர்ந்து 80 பந்தில் 87. ஓவருக்கு எட்டரைக்கும் மேல் வேண்டிய ஆட்டத்தில் ஆறரை. கடைசி 4 ஓவரில் ஓவருக்கு 15க்கும் மேல் வேண்டியிருந்தது. ஹசரங்க ஒரே ஓவரில் மூன்று பேரை வீழ்த்தினார். அந்த மூன்று விக்கெட்டில் ரிஸ்வானுடையதும் ஒன்று. பாகிஸ்தான் 147.

மெதுவாகத் தொடங்கிக் கடைசி வரை நின்று பிடித்துவிடுகிறவர் கடனைத் திருப்பிக் கொடுக்கிறார். மெதுவாகத் தொடங்கி, வேகம் எடுக்க வேண்டிய நேரத்தில் ஆட்டமிழக்கிறவர் கடனைப் பக்கத்து வீட்டுக்காரன் தலையில் கட்டிவிட்டுப் போகிறார். ரி20இல் இந்த இரண்டாவது வகைதான் அணிக்கு மிகப் பெரிய கேடு. என் பார்வையில், 20 பந்தில் 15 எடுத்து ஆட்டமிழப்பதைவிட முதல் பந்திலேயே போல்டாவது அணிக்கு நல்லது. கேட்கக் கொடூரமாக இருக்கும், கணக்கு அப்படித்தான் வருகிறது.

## டெஸ்டில் மட்டும் ஏன் வேறு மாதிரி?

டெஸ்டில் மெதுவாக ஆடுவதற்கு மூன்று வேறு வேறு வேலை உண்டு.

1. புதுப் பந்தைத் தேய்ப்பது. முதல் மணித்தியாலத்தில் பந்து அங்குமிங்கும் அசையும். அதைத் தாங்கினால் பின்னால் வருகிறவர்களுக்கு வழி சுலபம்.

2. எதிரணிப் பந்துவீச்சாளரைக் களைக்க வைப்பது. 2018–19இல் இந்தியா அவுஸ்திரேலிய மண்ணில் முதன்முதலாகத் தொடரை வென்றபோது சேத்தேஸ்வர் புஜாரா அந்தத் தொடரில் 1258 பந்தைச் சந்தித்து 521 ஓட்டம் எடுத்தார். நூறு பந்துக்கு 41 ஓட்டம். தொடரின் நாயகன் அவர்தான்.

3. தோல்வியிலிருந்து தப்புவது. இதில்தான் கட்டை போடுவது கலையாகிறது. சறுக்குவதும் இதில்தான்.

ஏ.பி. டி வில்லியர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் அடிலெய்டில் 220 பந்து நின்று 33. ஒரு பவுண்டரி கூட இல்லை. அறிமுக ஆட்டம் ஆடிய டு பிளெசிஸ் 376 பந்தில் 110. தென்னாபிரிக்கா தோல்வியிலிருந்து தப்பியது, அடுத்த ஆட்டத்தை வென்று தொடரையும் எடுத்தது. அதே டி வில்லியர்ஸ் 2015இல் டில்லியில் 297 பந்து நின்று 43. அம்லா 244 பந்தில் 25. அணி மொத்தமாக 143 ஓவர் ஆடி 143 ஓட்டம். கடைசி நாளின் கடைசிப் பகுதியில் விக்கெட்டுகள் சரிந்து 337 ஓட்டத்தால் தோற்றார்கள். வழி ஒன்றுதான், ஒரு தடவை வீரம், ஒரு தடவை கேலி.

முழுக்கத் தடுப்பதில் இருக்கும் சிக்கல் பல்லேகெலவில் 2016இல் தெளிவாகத் தெரிந்தது. அவுஸ்திரேலியாவின் நெவிலும் ஓ’கீஃபும் 178 பந்து சேர்ந்து நின்று எடுத்தது 4 ஓட்டம். இடையில் தொடர்ந்து 25 ஓவருக்கும் மேல் ஓட்டமே இல்லை. ஓட்டம் வராது என்று தெரிந்ததும் தலைவருக்கு எல்லைக்கோட்டில் ஆள் எதற்கு? எல்லாரையும் மட்டையைச் சுற்றி நிறுத்திவிடலாம். ஹேரத்தின் சுழலுக்குச் சற்று எழும்பும் பந்து எங்கே போனாலும் அங்கே ஒரு கை காத்திருக்கும். இலங்கை 106 ஓட்டத்தால் வென்றது. இடைக்கிடை ஒரு நாலு ஓட்டம் அடித்தால், அதற்காகவே ஒரு களத்தடுப்பாளர் பின்னால் போக வேண்டிவரும். கட்டை போடுகிறவருக்கும் அடி என்பது ஒரு தற்காப்புதான்.

2014 ஹெடிங்லியிலும் இப்படித்தான். இங்கிலாந்தின் கடைசி ஆள் ஜேம்ஸ் அண்டர்சன் 55 பந்து தாங்கி ஒரு ஓட்டமும் எடுக்கவில்லை. ஆட்டம் முடிய இன்னும் இரண்டே பந்து. ஷமிந்த எரங்க போட்ட பந்து உடம்புக்கு எழும்பியது, ஹேரத் கையில் பிடி. இரண்டு பந்தில் தொடர் இலங்கை வசம்.

இலங்கைக்கு ஆகப் பெறுமதியான மெதுவான இன்னிங்ஸ் எது என்று கேட்டால் நான் சொல்வது விஷ்வ பெர்னாண்டோவின் 6. டர்பன், 2019. 304 ஓட்டத்தைத் துரத்தும்போது ஒன்பதாவது விக்கெட் விழ, இன்னும் 78 வேண்டும். மறுமுனையில் குசல் பெரேரா. விஷ்வ 27 பந்து நின்று 6 எடுத்தார், குசல் 153ஓடு ஆட்டத்தை வென்று கொடுத்தார். விஷ்வவின் ஸ்ட்ரைக் ரேட் 22. அன்றைக்கு அவர் இன்னும் வேகமாக ஆடியிருந்தால் நாம் தோற்றிருப்போம்.

ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் வந்த பிறகு வெற்றி தோல்வியற்ற ஆட்டத்தின் விலை இறங்கிவிட்டது. இப்போதைய முறையில் வென்றால் 12 புள்ளி, வெற்றி தோல்வியின்றி முடித்தால் 4. மூன்று ஆட்டத்தை இழுத்து இழுத்துக் காப்பாற்றினால் ஒரு வெற்றிக்குச் சமம். 1987இல் பிரெண்டன் குருப்பு நியூசிலாந்துக்கு எதிராகக் கொழும்பில் 777 நிமிடம் நின்று 201 எடுத்தார், அறிமுக ஆட்டத்திலேயே. அந்த ஆட்டம் முடிவின்றிப் போனது. இன்று ஒருவர் அப்படி ஆடினால் கைதட்டுகிறவர்களோடு, புள்ளி எங்கே என்று கேட்கிறவர்களும் இருப்பார்கள்.

## ஒரே ஒரு பந்தைத் தடுத்ததால்

மெதுவான ஆட்டம் என்றால் ஐம்பது நூறு பந்து என்று நினைக்கத் தேவையில்லை. ஒரு பந்தைத் தடுத்து உலகக் கிண்ணத்தை விட்டவர்களும் இருக்கிறார்கள்.

2003 உலகக் கிண்ணம், டர்பன். தென்னாபிரிக்காவுக்கு எதிராக இலங்கை 268. மழை வரப்போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். டக்வர்த் லூயிஸ் அட்டையில் 45 ஓவர் முடிவில் 229 என்று இருந்தது. மார்க் பவுச்சர் முரளிதரனின் ஐந்தாவது பந்தை ஆறுக்கு அனுப்பி 229ஐத் தொட்டார். இலக்கை அடைந்தாயிற்று என்று நினைத்து ஆறாவது பந்தைப் பத்திரமாகத் தடுத்தார். மழை கொட்டியது, ஆட்டம் திரும்பத் தொடங்கவில்லை. 229 என்பது சமப்படுத்தும் எண். வெல்ல 230 வேண்டும். போட்டியை நடத்திய தென்னாபிரிக்கா முதல் சுற்றோடு வெளியேற, இலங்கை அடுத்த சுற்றுக்குப் போனது.

2023, லாகூர், ஆசியக் கிண்ணம். இலங்கை 291. ஆப்கானிஸ்தான் ஆட்டத்தை வென்றால் மட்டும் போதாது, நிகர ஓட்ட வீதத்தில் முந்த 37.1 ஓவருக்குள், அதாவது 37 ஓவரும் ஒரு பந்தும் முடிவதற்குள், 292ஐ எட்ட வேண்டும். நிகர ஓட்ட வீதம் என்பது அணி ஓவருக்கு எடுத்த ஓட்டத்திலிருந்து ஓவருக்குக் கொடுத்த ஓட்டத்தைக் கழித்தால் வருவது. அணிகள் புள்ளியில் சமமாக நின்றால் இதை வைத்துத்தான் தரம் பிரிப்பார்கள். 37 ஓவர் முடிவில் 289. அடுத்த பந்தில் முஜீப் பிடி கொடுத்தார். கடைசியாக வந்த பரூக்கி இனிச் சுற்று போய்விட்டது, ஆட்டத்தையாவது வெல்வோம், மறுமுனையில் ரஷீத் கான் நிற்கிறார் என்று இரண்டு பந்தைத் தடுத்தார். மூன்றாவதில் எல்பிடபிள்யூ. உண்மையில் சுற்று போகவில்லை. 37.4 ஓவருக்குள் ஓர் ஆறு அடித்து 295ஐத் தொட்டிருந்தாலும் தகுதி பெற்றிருப்பார்கள். அந்தக் கணக்கு ஆடுகளத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

இரண்டு தடவையும் லாபம் நமக்கு வந்தது என்பதால் நாம் சிரித்துவிட்டுப் போய்விட்டோம்.

## மெக்கெய்சரில் ஒன்று, உப்புவெளியில் ஒன்று

திருகோணமலைப் பொடியன் ஒருவனுக்கு இந்தக் குழப்பம் ஒரே வாரத்தில் வரும். கிழமை நாளில் பாடசாலை அணிக்காகக் கடினப்பந்து, 50 ஓவர் அல்லது இரண்டு நாள் ஆட்டம். ‘விக்கெட்டை விடாதே, நின்று ஆடு’ என்று பயிற்றுநர் சொல்வார். 30 பந்துக்கு ஒரு விக்கெட் என்கிற கணக்கில் அவர் சொல்வது சரி. சனி ஞாயிறில் கழக அணிக்காக 10 ஓவர் மென்பந்து. அங்கே அதே புத்தியோடு போனால் ஊரே திட்டும், அதுவும் சரி.

மென்பந்துக்கு வேறு ஒரு காரணமும் உண்டு. மெக்கெய்சர் விளையாட்டரங்கு போன்ற புல் மைதானத்தில் இடைவெளியில் தட்டிவிட்டால் பந்து ஓடும், இரண்டு எடுக்கலாம். உப்புவெளிப் பக்கத்து மணல் கலந்த வெறுங்காணியில் தரையோடு தட்டிய பந்து பத்து அடி போய்ச் செத்துவிடும். சிங்கிள் கூட ஓடித்தான் பறிக்க வேண்டும். ஆகவே அங்கே தரையில் நிதானமாக ஆடுவது என்ற பேச்சுக்கு இடமில்லை, தூக்கித்தான் அடிக்க வேண்டும். ஆடி மாதம் கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும்போது காற்றோடு போகிற பந்து கடற்கரை வரை போகும். காற்றுக்கு எதிரே தூக்கினால் நடுவழியில் நின்று விழும். கெட்டிக்கார அணி எந்த முனையில் யார் அடிப்பது என்பதைக் காற்றைப் பார்த்து முடிவு செய்யும். காற்றுக்கு எதிர்முனையில் மாட்டிக்கொண்டவர் ஒன்று எடுத்து முனையை மாற்றினால் போதும். ஒரு ஓட்டத்துக்கு அவ்வளவு மதிப்பு வருகிற இடம் அதுதான்.

ஊர் ஆட்டங்களில் சண்டை தீராமல் போவதற்கு இன்னொரு சின்னக் காரணம் ஓட்டப் புத்தகம். வழக்கமாக எழுதுகிற முறையில் துடுப்பாட்டக்காரர் பெயருக்கு எதிரே எடுத்த ஓட்டம் மட்டும் விழும்: 1, 1, 4, 2. அவர் தின்ற டொட் பந்து அங்கே பதிவாவதில்லை. அது பந்துவீச்சாளர் கட்டத்தில் வெறும் புள்ளியாகப் போய்விடும், யார் சந்தித்த பந்து என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது. ஆட்டம் முடிந்து பார்த்தால் ‘32’ என்று இருக்கும். பதினெட்டுப் பந்திலா, முப்பது பந்திலா என்று ஆளுக்கொரு எண் சொல்வார்கள். புத்தகம் எழுதுகிறவர் அந்த ஓட்ட வரிசைக்குள்ளேயே டொட்டுக்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டு போனால் வேலை முடிந்தது, அதற்குத் தனிப் பேனை கூடத் தேவையில்லை.